மூடிய வாளிக்குள் செத்த விரால்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அறுவைச் சிகிச்சை முடிந்து வந்திருக்கும் அம்மாவுக்குச் சூப் வைக்க, சந்தையில் உயிருள்ள விரால் இரண்டு வாங்கினேன். கடைக்காரர் அவற்றை ஒரு சாண் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டில் வாளி நிறையக் குழாய்த் தண்ணீர் பிடித்து, துள்ளி விழாமலிருக்க மூடியை அழுத்தி மூடினேன். காலையில் இரண்டும் செத்துக் கிடந்தன. நோய்ப்பட்ட மீனைத் தலையில் கட்டிவிட்டாரா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: கேட்டால் கடைக்காரர் சிரிப்பார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே தலைக்குள் காற்றை வாங்கி வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. வளர்ந்த விரால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கினால்தான் பிழைக்கும். பிராணவாயு குறைந்த வயல் நீரிலும் சேற்றுக் குட்டையிலும் காலம் தள்ள அமைந்த உடல் அது. மூடி வரை தண்ணீர் நின்றதால் இரண்டும் மூச்சு முட்டியே செத்திருக்கும். குழாய்த் தண்ணீரின் குளோரினும் செவுளை அரித்திருக்கலாம். அந்த ஒரு சாண் தண்ணீர் கஞ்சத்தனம் அல்ல. ஆனாலும் விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

அடுத்த முறை மேலே ஏறிக் காற்றுக் குடிக்கும் விராலைக் கண்டு, சாகப் போகிறது என்று ஒதுக்காதீர்கள். திலாப்பியா விஷயம் வேறு. அது செவுளையே நம்பியிருக்கும் மீன். தொட்டியில் உள்ள திலாப்பியா எல்லாம் மேல்மட்டத்தில் கூடி வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எந்த மீனானாலும் தோலைப் பாருங்கள். நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. அதனால் செவுள் வழியே தண்ணீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தோல் வழியாகவும் நீர் ஏறாமல் காப்பவை செதிலும் வழுவழுப்பும்தான். செதில் உதிர்ந்து, சிவந்த புண்ணோடு கிடக்கும் மீனை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும், இதற்கு மேல் வளராது என்று விரல் நீள பண்டாராயா மீனை (உறிஞ்சுவாய்க் கெளுத்தி) விற்றார்கள். இப்போது முழங்கை நீளம். கிள்ளான் ஆற்றில் விட்டுவிடலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வேண்டவே வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் 40 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். உடலெங்கும் எலும்புத் தகடு. இங்குள்ள மீன்களால் அதை எளிதில் விழுங்க முடியாது. கரையைக் குடைந்து முட்டையிடும். கிள்ளான் ஆறு ஏற்கெனவே இதனால் திணறுகிறது.

முதலில் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். வளராது என்று சொல்லி விற்றது, மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி தவறான தகவல். கடைக்காரர் மறுத்தால், 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.