கேட்டைத் தாண்டிப் போகலாமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், நான்கு பேர். ஜனவரியில் ஜப்பானின் நிசேக்கோவுக்கு ஸ்னோபோர்டு ஓட்டப் போகிறோம். போன வருஷம் போய் ஓரளவு கற்றுக்கொண்டோம். இந்த முறை ரிசார்ட் எல்லையில் இருக்கும் கேட்டைத் தாண்டி, யாரும் ஓட்டாத பனியில் ஓட்டலாம் என்கிறான் நண்பன். உடம்பில் கட்டிக்கொள்ளும் பீக்கன் என்ற சிக்னல் கருவி வாடகைக்குக் கிடைக்குமாம், அது இருந்தால் பயமில்லையாம். பனிச்சரிவு என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மா பயணமே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ரிசார்ட் எல்லைக்குள், திறந்துவிட்ட பாதைகளில் ஓட்டும்வரை பனிச்சரிவில் சிக்கும் ஆபத்து மிகக் குறைவு. ரோந்துக் குழுவினர் சரிவுகளைப் பார்த்த பிறகுதான் பாதையைத் திறப்பார்கள். கேட்டுக்கு வெளியே அந்தப் பாதுகாப்பு கிடையாது. பயணத்தை நிறுத்த வேண்டாம், கேட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் மழைக்காலத்தில் மண் சரிந்தால், அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சரியத்தான் செய்யும். ஆளைப் புதைக்கும் பனிச்சரிவு பெரும்பாலும் அப்படி வருவதில்லை. பத்தில் ஒன்பது விபத்துகளில் சரிவைக் கிளப்பியது சிக்கியவரேதான், அல்லது அவரோடு வந்தவர். காற்று அள்ளிவந்த புதுப்பனி கெட்டியான பலகையாகப் படிகிறது. அதன் அடியில் சீனியைக் கொட்டியதுபோல ஒன்றோடொன்று ஒட்டாத பனி இருக்கலாம். மேலே ஒருவர் ஏறினால் போதும், அடியடுக்கு நொறுங்கி, விரிசல் நொடியில் ஓடி, பலகை முழுவதும் அவரோடு கீழே இறங்கிவிடும்.

இதில் நம் கையில் இருப்பது இடத்தைத் தேர்ந்தெடுப்பது. பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வில்தான் கிளம்புகின்றன. சாய்வை அளக்கக் கைப்பேசிச் செயலி போதும். 30 பாகைக்குக் குறைவான சாய்வில், தலைக்கு மேலேயும் செங்குத்தான சரிவு இல்லாமல் ஓட்டினால் ஆபத்தின் பெரும்பகுதி விலகிவிடும். நிறைய பேர் தவறவிடுவது இந்த 'தலைக்கு மேலே' என்பதைத்தான். நீங்கள் தட்டையான இடத்தில் நின்றாலும், கீழிருந்தே மேலே உள்ள பனியைச் சரியவைத்துவிட முடியும்.

நிசேக்கோவில் குளிர்காலக் காற்று சைபீரியாவிலிருந்து கடலைத் தாண்டி ஈரத்தோடு வருகிறது. வடமேற்குக் காற்று அடித்தால், மலைமுகட்டின் மறுபக்கமான தென்கிழக்கில் பனி குவியும். அதனால் இரவெல்லாம் பனி கொட்டி, காற்றும் பலமாக வீசிய மறுநாள் காலைதான் மோசமான நேரம். எல்லாருக்கும் கை துறுதுறுப்பதும் அன்றைக்குத்தான். பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம் தெரிந்தாலோ, போர்டின் முன்னால் விரிசல் ஓடினாலோ, காலடியில் 'தொம்' என்று பனி அமுங்கினாலோ வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். அங்கே சீசனில் தினமும் காலையில் பனிச்சரிவு நிலவரம் வெளியிடுகிறார்கள், அதைப் படிக்காமல் கிளம்பக்கூடாது. கேட்டை மூடியிருந்தால் கயிற்றுக்கு அடியில் நுழையவே கூடாது. பிடிபட்டால் லிஃப்ட் பாஸ் பறிபோகும்.

சரி, பீக்கன். அது பனிச்சரிவைத் தடுக்காது, புதைந்தவர் எங்கே இருக்கிறார் என்று மற்றவர்களுக்குக் காட்டும். அதோடு குத்திப் பார்க்கும் நீளக் கம்பியும் உலோக ஷவலும் நான்கு பேரிடமும் இருக்க வேண்டும். முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது. சரிந்து நின்ற பனி இறுகிவிடும், புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. உங்களை நண்பர்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும். அந்த மூவரும் பீக்கன் அம்புக்குறியைப் பின்தொடர்ந்து, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்துத் தேடி, கம்பியால் குத்தி, ஆள்மாற்றித் தோண்டிப் பழகியிருக்கிறார்களா? வாடகைக் கடையில் வாங்கிய அன்றே மலையேறினால் பழகியிருக்க வழியில்லை. கைப்பேசியையும் பீக்கனையும் ஒரே பையில் வைக்காதீர்கள். தேடும்போது குறைந்தது அரை மீட்டர் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் சிக்னல் குழம்பும்.

திறமையையும் நம்ப வேண்டாம். ஹாஃப்பைப் எனப்படும் அரைக்குழாய் வடிவப் பனித்தளத்தில் சறுக்கும் போட்டியில் 2015-இன் உலகச் சாம்பியனான அமெரிக்க வீரர் கைல் ஸ்மெய்ன், 2023 ஜனவரியில் ஜப்பானின் நாகானோ மலையில் பனிச்சரிவில் சிக்கித்தான் இறந்தார்.

என் தீர்ப்பு இதுதான். இந்த முறை உள்ளேயே ஓட்டுங்கள். வெளியே போகத்தான் வேண்டும் என்றால் சான்றுபெற்ற வழிகாட்டியோடு ஒருநாள் மட்டும். கட்டணத்தை நான்காகப் பிரித்தால் தாங்கும். பீக்கன் பயிற்சியும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளேயும் ஓர் ஆபத்து உண்டு, அம்மாவுக்குத் தெரியாதது. மரத்தடியைச் சுற்றி இலகுவான பனி ஆழக் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக ஏற முடியாது, மூச்சு முட்டும். மரங்களுக்கு நடுவே ஓட்டினால் இருவர் இருவராக, ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும்படி ஓட்டுங்கள்.

அப்புறம், பயணக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எல்லைக்கு வெளியே ஓட்டினால் பல காப்புறுதிகள் பணம் தராது, தேடுதல் செலவையும் நீங்களே கட்ட நேரிடும். ஜப்பானில் ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110. இரண்டையும் நான்கு பேர் கைப்பேசியிலும் கிளம்பும் முன்பே ஏற்றிவையுங்கள்.