மூன்று குழந்தை இருக்கைகளுக்கு எந்தக் கார்?

ஐந்து பேர் காரின் பின்வரிசையில் மூன்று குழந்தை இருக்கைகளையும் வைத்தால் நடு பெல்ட்டைப் பூட்ட முடியவில்லையா? ஒன்று, மூன்று, ஆறு வயதுப் பிள்ளைகளின் பாதுகாப்பு இருக்கைகள் மூன்றையும் அங்கே திணிக்க வேண்டாம். கியா கேரன்ஸ் கிளாவிஸ், மாருதி எக்ஸ்எல்6 போன்ற மூன்று வரிசைக் காரில், நடு வரிசையில் தனித்தனி இருக்கைகளுள்ள ஆறு பேர் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

நடு பெல்ட் பூட்ட முடியாததற்குக் காரணம், பெரும்பாலும், ஓர இருக்கைகள் அதன் பூட்டை மறைத்துவிடுவதுதான். குழந்தை இருக்கையை பெல்ட் இல்லாமல் நேரடியாகக் காரோடு பிணைக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் பொதுவாக ஓரங்களில் மட்டுமே இருக்கும்.

முன்பணம் கட்டுமுன் மூன்று இருக்கைகளையும் ஷோரூமுக்கே எடுத்துச் சென்று பொருத்தி, மூத்த பிள்ளை நடு வரிசை இருக்கைகளுக்கு இடையேயுள்ள வழியே கடைசி வரிசைக்குத் தானாக ஏறி பெல்ட் போட முடிகிறதா என்று பாருங்கள். சென்னை வெயிலுக்கு அங்கே ஏசி காற்று போதுமா என்பதையும், விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும், மதிய நேரத்தில் உட்கார்ந்தே சோதியுங்கள்.

கடைசி வரிசையை விரித்தால் டிக்கியில் தள்ளுவண்டிக்கு இடம் குறையும். அந்த வரிசையை மடக்கி இடம் பிடிப்பதற்காகக் கைக்குழந்தையின் பின்னோக்கிய இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.