கட்டுமானம் நடக்கும்போதே வீட்டை நமக்கேற்ப மாற்றிக்கொள்ள: கேள்வி பதில்

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், கட்டுமானத்தில் இருக்கும் அடுக்ககத்தில் வீடு வாங்கியிருப்பவர்களும் அனுப்பியுள்ள கேள்விகளுக்குக் கட்டடப் பொறியாளர் என்ற முறையில் இங்கே பதிலளிக்கிறேன். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். வாஸ்து பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

திருச்சியில் 1,200 சதுர அடியில் தரைத்தளம் கட்டிவருகிறோம். லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) முடிந்து, கூரைத் தளத்தை வார்ப்பதற்கான சென்ட்ரிங் பலகை அடிக்கிறார்கள். அடுத்த வாரம் தளம் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. இப்போது நாங்கள் முடிவு செய்தாக வேண்டியவை எவை?

தளத்துக்குள் புதையப்போகும் எல்லாவற்றையும் இந்த வாரத்தில் முடிவு செய்துவிடுங்கள். டைல்ஸ், பெயிண்ட், கதவு வேலைப்பாடு ஆகியவை காத்திருக்கலாம். முதலில் மின்விசிறிகளின் இடம். அறையின் நான்கு மூலைகளுக்கும் நூல் பிடித்து நடுப்புள்ளியில் ஃபேன் பாக்ஸ் வைப்பதுதான் எலக்ட்ரீசியன்களின் வழக்கம். ஆனால் ஒரு சுவர் முழுவதும் இரண்டடி ஆழத்துக்கு அலமாரி வரப்போகிறது என்றால், மீதமுள்ள இடத்துக்குத்தான் நடு பார்க்க வேண்டும். இல்லையேல் விசிறி கட்டிலுக்கு மேல் வராமல் அலமாரிப் பக்கம் ஓர் அடி தள்ளி நிற்கும். ஆகவே கட்டில், அலமாரி, சோபா எங்கே வரும் என்பதைச் சென்ட்ரிங் பலகையின் மீதே சாக்கட்டியால் வரைந்து பாருங்கள்.

அடுத்து, தளத்தைத் துளைத்துச் செல்லவேண்டிய குழாய்கள். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் தண்ணீர்க் குழாய், மழைநீர்க் குழாய், சோலார் கேபிள், ஏசி வெளி யூனிட்டுக்கான இணைப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவில் பிவிசி குழாய்த் துண்டுகளை இப்போதே நிறுத்திவிடச் சொல்லுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு துளையிட்டால் கம்பி வெட்டுப்படும்; துளையைச் சுற்றிக் கசிவும் வரும்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை நீங்களே மேலே ஏறிப் பார்ப்பது நல்லது. வயரிங் குழாய்கள் கீழ்க்கம்பிக்கு மேலே கட்டுக்கம்பியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். இணைப்புகளில் பசை தடவியிருக்க வேண்டும். ஃபேன் பாக்ஸ்களுக்குள் காகிதமோ மரத்தூளோ திணித்து மூடியிருக்க வேண்டும். பசையில்லாமல் செருகிய இணைப்பு, சட்டி சுமப்பவர்கள் நடக்கும்போது உருவிக்கொள்ளும். அதன் வழியே சிமெண்ட் பால் இறங்கிக் குழாயை அடைத்தால், அது வயர் இழுக்கும் நாளில்தான் தெரியவரும். பத்துக் குழாய்கள் ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்தால் அங்கே கான்கிரீட்டுக்கே இடமிருக்காது. விரித்துப் போடச் சொல்லுங்கள். கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் 20 மி.மீ. கவர் பிளாக் கம்பிக்கு அடியில் இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் அறையையும் அளவு நாடாவை விரித்துவைத்துப் படம் எடுத்து வையுங்கள். சுவரில் காடி வெட்டிக் குழாய் பதித்ததும், பூச்சுக்கு முன்பு, இதையே மறுபடியும் செய்யுங்கள். பின்னாளில் திரைச்சீலைக் கம்பிக்கோ அலமாரிக்கோ டிரில் போடும்போது இந்தப் படங்களின் அருமை தெரியும்.

சென்னையில் கட்டப்பட்டுவரும் அடுக்ககத்தில் வீடு பதிவு செய்திருக்கிறேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை எடுக்கவும், சில பிளக் பாயிண்டுகளை மாற்றவும் கேட்டால், எதையும் மாற்ற முடியாது என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 14ஆவது பிரிவில், அனுமதி பெற்ற வரைபடத்தையும் உங்களுக்குச் சொல்லப்பட்ட தர விவரங்களையும் உங்கள் ஒப்புதலின்றி மாற்றக் கூடாது என்று கட்டுநரைக் கட்டுப்படுத்துகிறது. வாங்குபவர் கேட்கும் சிறு மாற்றங்களைச் செய்துகொடுக்க அதே பிரிவு இடமும் தருகிறது. ஆனால் இடமுண்டு என்பது வேறு, செய்தே தீர வேண்டும் என்பது வேறு. எனவே சட்டத்தைக் காட்டி வாதாடுவதைவிட, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அறிந்து கேட்பதே பயன் தரும்.

அதற்கு முன், உங்கள் கட்டடம் எந்த முறையில் எழுப்பப்படுகிறது என்று விசாரியுங்கள். அலுமினிய அச்சுகளைப் பூட்டிச் சுவரையும் தளத்தையும் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்க்கும் முறை இப்போது பல பெரிய குடியிருப்புகளில் பின்பற்றப்படுகிறது. அத்தகைய வீட்டில் பெரும்பாலும் உட்சுவரும் எடை தாங்கும் சுவராகவே இருக்கும். அதை எடுக்கவும் கூடாது, குழாய்க்காக வெட்டவும் கூடாது. அங்கே பிளக் பாயிண்டைக் கூட உங்கள் தளத்தை வார்ப்பதற்கு முன்னரே மாற்றியாக வேண்டும். தூண், உத்தரம் நிறுத்திப் பிறகு செங்கல்லிலோ பிளாக்கிலோ சுவர் எழுப்பும் கட்டடமாக இருந்தால், அந்தச் சுவரை எழுப்பாமல் விட்டுவிடுங்கள் என்று இப்போதே கேட்கலாம்.

எதைக் கேட்டாலும் மின்னஞ்சலில் கேட்டு, கட்டணத்துடன் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். சாவி கிடைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பதும் அதே 14ஆவது பிரிவுதான். நீங்களாக வெளியாட்களை விட்டு உடைத்திருந்தால், நாளை விரிசல் வரும்போது கட்டுநருக்கு நல்ல சாக்கு கிடைத்துவிடும்.

மதுரையில் கட்டிவரும் எங்கள் வீட்டில் சமையலறை மட்டும் என் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

அம்மா, மேடையின் உயரத்தில் தொடங்குங்கள். 2 அடி 8 அங்குலம் என்று மேஸ்திரி மனப்பாடமாகச் சொல்வார். சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடித்தால், மேடை முழங்கையிலிருந்து சுமார் 4 முதல் 6 அங்குலம் தாழ இருப்பது உடம்புக்கு இதம். உயரமானவர்களுக்கு 2 அடி 10 அங்குலமோ அதற்குச் சற்று மேலோ தேவைப்படும். தரை டைல்ஸ் எடுத்துக்கொள்ளும் ஓரிரண்டு அங்குலத்தையும் கணக்கில் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். இதை மறந்துவிட்டுத் தாழ்ந்துபோன மேடைகள் ஏராளம். கிரைண்டருக்கு மட்டும் அரை அடி தாழ்வாக ஒரு தனி மேடை அமைந்தால், மாவு தள்ளவும் கல்லைத் தூக்கவும் தோள் வலிக்காது.

மேடைக்குக் கீழே மாடுலர் அலமாரி வரப்போகிறதா, கடப்பாக்கல் தடுப்பு வரப்போகிறதா என்பதை மேடை போடும் முன்பே முடிவு செய்யுங்கள். கடப்பாக்கல்லை நிறுத்திவிட்டுப் பிறகு மாடுலர்க்காரரை அழைத்தால், அவர் முதலில் கல்லை உடைக்கச் சொல்வார். உடைக்காமல், இருக்கும் அளவுக்குள் செய்தால் இழுப்பறை பெட்டி போலக் குறுகிவிடும். அடுப்புக்கு நேர் எதிரே ஜன்னல் வேண்டாம், காற்றில் சுடர் அலையும். ஜன்னலடியில் சிங்க் வரட்டும். புகைபோக்கிக்குச் சுவர் எழுப்பும்போதே 6 அங்குலக் குழாயை வெளிப்புறம் லேசாகச் சரிந்திருக்கும்படி பதித்துவிட்டால், பின்னால் வெட்டிய சுவரில் மழைநீர் இறங்கும் தொல்லை இல்லை.

மின் இணைப்புகளில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். இண்டக்ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், பாத்திரம் துலக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், குடிநீர்ச் சுத்திகரிப்பான், ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்கும் அதனதன் இடத்தில் பாயிண்ட் இருக்கட்டும். பாத்திரம் துலக்கும் இயந்திரம் இன்று இல்லாவிட்டாலும், சிங்க்குக்குப் பக்கத்தில் தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் விட்டுவையுங்கள். சிலிண்டரை வெளியே வைப்பதாக இருந்தால் அதற்கான குழாய்வழியும் இப்போதே வேண்டும்.

சுவரில் தொங்கும் மேற்கத்தியக் கழிப்பறைப் பீங்கானும் சுவருக்குள் மறையும் ஷவர் குழாய்களும் வேண்டும் என்கிறான் மகன். மாடியில் இவை கசியும் என்கிறார் பிளம்பர். யார் சொல்வது சரி?

முறையாகச் செய்தால் கசியாது. ஆனால் நாலரை அங்குலச் சுவரை இருபுறமும் வெட்டி இவற்றைப் பதிக்க முயன்றால் பிளம்பரின் பயம் நியாயமானதே. செங்கல் சுவரில் நெடுக்காக வெட்டும் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடையாக வெட்டுவது ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது விதி. நாலரை அங்குலச் சுவரில் கிடையாக முக்கால் அங்குலம்தான் கிடைக்கும். அதற்குள் குழாய் மறையாது. எனவே சுவரை வெட்டாமல், அதற்கு முன்னால் நான்கடி உயரத்துக்கு ஓர் அரைச் சுவர் எழுப்பி, பீங்கானைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் அதற்குள் வைத்துவிடுங்கள். அரைச் சுவரின் தலை, சோப்பு வைக்கும் திண்டாகவும் பயன்படும். மாடலுக்கு மாடல் அளவு மாறும் என்பதால் பீங்கானையும், தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் திருப்பிவிடும் டைவர்ட்டரையும் பிளம்பிங் தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து எவ்வளவு கனம் வரும் என்று பிளம்பரிடம் சொல்லுங்கள். டைவர்ட்டர் அதிக ஆழத்தில் புதைந்தால் கைப்பிடி பொருந்தாது, ஆழம் போதாவிட்டால் மூடி துருத்திக்கொண்டு நிற்கும்.

பூச்சுக்கு முன் எல்லாக் குழாய் முனைகளையும் அடைத்துப் பம்ப் மூலம் அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு விட்டு, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். மாடிக் குளியலறையின் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, அந்தப் பள்ளத்தில் குழாயைப் போட்டுச் செங்கல் சல்லியால் நிரப்பும் வழக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. உள்ளே கசிந்தால் கீழ்த்தளக் கூரை ஊறும்வரை தெரியாது. முடிந்தால் கழிவுக் குழாய்களைத் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டு, கீழ்க்குளியலறையில் பொய்க்கூரையால் மறைத்துவிடுங்கள். தாழ்த்தித்தான் கட்டியாகிவிட்டது என்றால், நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகு இரண்டு நாள் தண்ணீர் தேக்கிக் கீழே ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள். நிரப்பிய பின் டைல்ஸுக்கு அடியில் இன்னொரு முறை நீர்த்தடுப்புப் பூச்சு வேண்டும்.

அப்பாவுக்கு 78 வயது. அவருக்காகத் தரைத்தளத்தில் என்ன செய்யலாம்?

சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை 12 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது. தரைமட்டத்தை 3 அடி உயர்த்தியிருந்தால் 36 அடி நீளப் பாதை தேவை. பெரும்பாலான மனைகளில் அதற்கு இடம் இருக்காது. தெரு உயர்ந்துகொண்டே போவதால் வீட்டை உயர்த்திக் கட்டுகிறோம் என்பது உண்மைதான், ஆயினும் அடித்தளம் நிரப்பும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குளியலறைக் கதவை வழக்கமான இரண்டரை அடிக்குப் பதிலாக மூன்றடியாக வையுங்கள். அது வெளிப்புறம் திறக்கட்டும், உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவு அவர் மீதே முட்டும். கைப்பிடிக் கம்பிகளை இன்று பொருத்தாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் சுவர் பிளாக் கல்லாக இருந்தால் அவை வரும் உயரத்தில் ஒரு வரிசை கான்கிரீட் பட்டை போட்டுவையுங்கள். பிளாக்கில் அடித்த ஆணி ஆளின் எடையைத் தாங்காது.

சோலார், மின்சாரக் கார் இரண்டும் பின்னால் வாங்குவோம். இப்போதே செய்ய வேண்டியது உண்டா?

உண்டு. மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பலகை வரை ஒரு தனிக் குழாய், அங்கிருந்து கார் நிறுத்துமிடம் வரை இன்னொன்று. இவற்றோடு இப்போதைக்கு விட்டுவிடலாம். கார் சார்ஜருக்கு 32 ஆம்பியர் தாங்கும் 6 சதுர மி.மீ. வயர் போகும் அகலம் இருக்கட்டும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவைப்படும் என்பதால் தண்ணீர்த் தொட்டியையும் படிக்கட்டு அறையையும் வடக்குப் பக்கம் ஒதுக்குவது நல்லது. தொட்டி தென்மேற்கில்தான் வர வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், பிற்பகல் நிழல் விழும் இடத்தை விட்டுத் தகடுகளை அமைக்க வேண்டிவரும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. வாங்கும் காலத்து நிலவரத்தை அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் சுவிட்சுகள் வைக்கலாமா?

எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) வந்து சேர்ந்திருந்தால் போதும். அதை மட்டும் இப்போது எலக்ட்ரீசியனிடம் சொல்லிவிடுங்கள்.

சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் போட்டோம். எதைக் கேட்டாலும் "அது எக்ஸ்ட்ரா" என்கிறார் ஒப்பந்ததாரர். என்ன செய்வது?

சதுர அடி விலைக்குள் எவையெல்லாம் அடங்கும் என்று எழுதாமல் தொடங்கியதன் விளைவு இது. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, ஏனெனில் எழுப்பிய சுவரை இடித்துக் கட்டினால் கூலி இரட்டிப்பாகத்தான் ஆகும். இனியாவது, மாற்றம் எதுவாயினும் வேலை தொடங்கும் முன் அளவு, பொருள், கூலி, மொத்தத் தொகை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கூட்டுவதைப் போலவே கழிப்பதையும் எழுதுங்கள்: வேண்டாம் என்று விட்ட லாஃப்ட் (பரண்), நீங்களே வாங்கித் தந்த டைல்ஸ் ஆகியவற்றின் விலை உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். கொத்தனாரிடமும் எலக்ட்ரீசியனிடமும் வீட்டிலுள்ள நால்வரும் தனித்தனியே சொல்லாமல், ஒருவரே சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். பாதி எக்ஸ்ட்ரா இதிலேயே குறையும்.

மேலே இன்னொரு மாடியைப் பத்து ஆண்டுகள் கழித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். தூண் கம்பிகளை நீட்டிவிட்டால் போதுமா?

போதாது. அந்த மாடியின் எடையையும் சேர்த்து அஸ்திவாரமும் தூண்களும் இப்போதே வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். பொறியாளரின் வரைபடத்தில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீட்டிவிட்ட கம்பி வெயிலிலும் மழையிலும் துருவேறும் என்பதால் அதைச் சுற்றி வலிமை குறைந்த கான்கிரீட்டால் மூடிவையுங்கள், பின்னால் உடைத்தெடுத்துக்கொள்ளலாம். படிக்கட்டை வீட்டுக்கு வெளியே அமைத்துவிட்டால், மேல்மாடியை வாடகைக்கு விட நேர்ந்தாலும் இடைஞ்சல் இருக்காது.

எல்லா அறைகளிலும் லாஃப்ட் வேண்டும் என்கிறார் மாமியார். வேண்டவே வேண்டாம் என்கிறேன் நான்.

சமையலறையிலும் ஒரு படுக்கையறையிலும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஆழம் இரண்டடியைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் பின்னால் கிடக்கும் அண்டாவை எடுக்க உள்ளே ஆள்தான் ஏற வேண்டும்.