புகையை எரிபொருளாக்குவது பற்றிச் சில கேள்விகள்

கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே எரிந்து முடிந்ததுதானே, அதிலிருந்து எப்படி எரிபொருள் வரும்?

சரியான கேள்வி. அடுப்புச் சாம்பல் மாதிரிதான் அதுவும், எரிய மிச்சம் ஒன்றும் கிடையாது. வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்தால்தான் வேலை நடக்கும். ஒரு வழி, அதை மீத்தேனோடு கலந்து 800, 900 டிகிரி சூட்டில் நிக்கல் வினையூக்கி (தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் பொருள்) மேல் செலுத்துவது. பூமியைச் சூடாக்கும் இரண்டு வாயுக்களும் மாறி, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சரிபாதியாக வெளியே வரும். இந்தக் கலவைதான் தொகுப்பு வாயு. அதிலிருந்து மெத்தனால், டீசல் எல்லாம் செய்யலாம்.

அப்படியென்றால் ஏன் இன்னும் பரவலாகவில்லை?

இந்த வினை புதிதல்ல, ஜெர்மனியில் பிஷர், டிராப்ஷ் என்ற வேதியியலாளர்கள் 1928-லேயே இதை ஆராய்ந்தார்கள். முட்டுக்கட்டை, நிக்கல் மேல் படிகிற கரி. ஒருமுறை எங்கள் சோதனைக் குழாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போக, நிறுத்தி ஆறவிட்டுப் பிரித்தோம். வினையூக்கிக் குருணைகள் கன்னங்கரேல் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, விரலால் லேசாக அழுத்தியதும் பொடியாக உதிர்ந்துவிட்டன, ஏனென்றால் கரி மேலே மட்டும் படியாமல் குருணைக்குள்ளேயே நார் நாராக வளர்ந்து அதைப் பிளந்திருந்தது. ரோடியம், ருத்தீனியம் போட்டால் கரி குறையும், ஆனால் விலை கட்டாது. கொஞ்சம் நீராவி சேர்ப்பது எனக்குப் பிடித்த வழி. கரியும் குறைகிறது, மெத்தனாலுக்குத் தேவையான ஹைட்ரஜனும் கூடுகிறது.

வீட்டில் சாண எரிவாயு இருக்கிறது, முயன்று பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு என்பதால் கலவை என்னவோ தோதானதுதான். ஆனால் அதிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு நிக்கலைச் சீக்கிரமே கெடுத்துவிடும். அதைவிட முக்கியம், வெளியே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். அடுப்பில் எரித்துச் சமையுங்கள், அதுவே நல்ல காரியம்.

மீத்தேன் இல்லாமல் செய்ய முடியாதா?

முடியும். ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில் புவிவெப்ப மின்நிலையத்தின் கார்பன் டை ஆக்சைடை, தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்த ஹைட்ரஜனோடு சேர்த்து, மெத்தனால் தயாரிக்கும் ஆலையை 2012-இல் திறந்தார்கள், 2015-இல் அதை ஆண்டுக்கு 4,000 டன் அளவுக்கு விரிவாக்கினார்கள். கணக்கைப் பாருங்கள்: ஒரு டன் மெத்தனால் சுமார் 1.4 டன் கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுக்கும், அதற்கு ஏறக்குறைய 10,000 யூனிட் மின்சாரம் வேண்டும், எரித்தால் திரும்பக் கிடைக்கும் வெப்பமோ 5,500 யூனிட்தான். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் 9 டன்னுக்குக் குறையாமல் புகை விட்டு 1.4 டன்னைப் பிடிக்கிறோம்! ஐஸ்லாந்தில் நீரிலிருந்தும் பூமிச் சூட்டிலிருந்தும் மின்சாரம் எடுக்கிறார்கள், அதனால்தான் அங்கே இதில் அர்த்தம் இருக்கிறது.

கடைசியில் எரித்தால் மறுபடி காற்றுக்குத்தானே போகும்?

ஆமாம், போகும். கார்பனை இன்னொரு முறை பயன்படுத்துகிறோம், புதைத்து வைக்கவில்லை. அதனால் காருக்கெல்லாம் இதை ஊற்றச் சொல்ல மாட்டேன், பேட்டரியே போதும். பேட்டரியால் கடல் கடக்க முடியாத சரக்குக் கப்பலுக்கும் நெடுந்தூர விமானத்துக்கும் முதலில் கொடுங்கள்.