ஸ்கிரிப்ட் ஃபாண்ட் (கையெழுத்து ஃபாண்ட்): கேள்வி பதில்

கேள்வி: அழைப்பிதழ் முழுவதையும் கையெழுத்து ஃபாண்டிலேயே அமைக்கலாமா?

வேண்டாம். பெயர்களுக்கும் ஒரு தலைப்பு வரிக்கும் போதும். தேதி, நேரம், முகவரி எல்லாம் அலட்டல் இல்லாத ஒரு செரிஃப் ஃபாண்டில் (எழுத்து முனைகளில் சின்னக் கோடு உள்ளது) இருக்கட்டும். முகவரி தேடுகிறவர் சுழியை ரசிக்கிற மனநிலையில் இருக்க மாட்டார்.

கேள்வி: லோகோவில் எல்லாமே கேப்பிடல் எழுத்து. நூல்கண்டு சிக்கிய மாதிரி இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். ஸ்கிரிப்டில் பெரிய எழுத்து சொல்லைத் தொடங்கிவைக்க வரைந்தது. பக்கத்தில் சின்ன எழுத்துகள் வரும் என்று நம்பித்தான் சுழியை வீசியிருப்பார்கள். முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வையுங்கள். முழுக்க கேப்பிடல்தான் வேண்டுமென்றால் ஸ்கிரிப்டை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எழுத்துகளுக்கு நடுவே மெல்லிய விரிசல் தெரிகிறது. ஃபாண்ட் பழுதா?

பெரும்பாலும் ஃபாண்ட் மேல் தப்பு இருக்காது, எழுத்துகளுக்கு நடுவே விடும் இடைவெளியான டிராக்கிங்தான் காரணம். ஓர் எழுத்தின் வால் முடிகிற இடத்தில்தான் அடுத்ததன் கோடு தொடங்கும். டிராக்கிங்கை 20 கூட்டினாலே அந்த இணைப்பு விட்டுப்போகலாம். 0-இல் வையுங்கள். இணையதளம் என்றால் தலைப்புகளுக்கு மொத்தமாகக் கொடுத்த லெட்டர்-ஸ்பேசிங் (அங்கே டிராக்கிங்குக்கு அதுதான் பெயர்) இதற்கும் வந்து ஒட்டியிருக்கும், அதைப் பாருங்கள்.

எழுத்தைச் சுற்றி பார்டர் போடும்போது இதற்கு நேர்மாறான தொல்லை: இணைப்புகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகள் தெரியும். எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றி, யுனைட் கொடுத்து ஒரே வடிவமாக்கிய பிறகு பார்டர் போடுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழுத்துப்பிழை திருத்த முடியாது.

கேள்வி: ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் அச்சு அசலாக இருக்கிறது. கையால் எழுதின மாதிரி இல்லையே?

நல்ல ஃபாண்டில் மாற்று வடிவங்கள் உள்ளேயே இருக்கும். மென்பொருளின் ஓப்பன்டைப் பேனலில் கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் (பக்கத்து எழுத்துக்கேற்ப வடிவத்தை மாற்றும் வசதி) இயங்குகிறதா பாருங்கள், இல்லையேல் எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப்ஸ் பேனலிலிருந்து நீங்களே பொறுக்கிப் போடுங்கள். இது வெறும் அலங்காரம் இல்லை. ஆங்கில 'ஓ', 'வி' இரண்டும் மேல்பக்கமாக முடியும், 'ஏ', 'என்' அடிக்கோட்டில் முடியும். அடுத்து வரும் எழுத்து அதற்கேற்ற வடிவத்தில் வந்தால்தான் கை ஓடிய மாதிரி இருக்கும். ஹெர்மன் ஸாஃப் வடிவமைத்து 1998-இல் வெளியான ஸாஃபினோ என்ற ஸ்கிரிப்ட் ஃபாண்டில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. நீளமாக மேலும் கீழும் பாய்கிற ஃபாண்ட் அது, வரி இடைவெளி தாராளமாக விடாவிட்டால் வெட்டுப்படும்.

கேள்வி: கறுப்பு விசிட்டிங் கார்டில் வெள்ளை எழுத்து. மெல்லிய கோடுகள் காணாமல் போகின்றன.

ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் போன்ற மெல்லிய கோடுள்ள ஸ்கிரிப்டை எடுத்திருப்பீர்கள். 1960-களில் மேத்யூ கார்ட்டர், சார்ல்ஸ் ஸ்னெல் என்ற பழைய கையெழுத்துப் பயிற்சி ஆசிரியரின் எழுத்தைப் பார்த்து வடிவமைத்தது. அந்தக் காலத்துக் கையெழுத்து மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள், மயிரிழைக் கோடு அதில் தாங்கும். உங்கள் கார்டில் சுற்றியுள்ள மை கொஞ்சம் பரவினாலே கோடு அடைந்துபோகும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது தடிமன் வித்தியாசம் குறைந்த மோனோலைன் ஸ்கிரிப்டுக்கு மாறுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஏமாறாமல், நிஜ அளவில் ஒரு பிரின்ட் எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கூட எந்த ஃபாண்ட் வைப்பது?

அமைதியான ஏதாவது ஒன்று. இன்னொரு ஸ்கிரிப்ட் மட்டும் கூடாது.

கேள்வி: இலவசமாக இறக்கிய ஃபாண்டை வாடிக்கையாளர் லோகோவுக்குப் பயன்படுத்தலாமா?

கூடவே வந்த உரிமக் கோப்பைத் திறந்து படியுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று இருந்தால், வணிக உரிமம் வாங்காமல் தொடக்கூடாது. இணையதளத்துக்கும் செயலிக்கும் பல நிறுவனங்கள் தனித்தனி உரிமம் கேட்கும். அந்தச் செலவை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.