ஒரே டெவலப்பர், ரெண்டு ஸ்டோர்: எதுல ஆப் பண்றது?
ப்ரோ, ரியாக்ட்ல (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) சைட் ஓடுது, டெவலப்பர் ஒரே ஆளு, ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டுக்கும் கடை ஆப் வேணும்னு கேக்குறீங்க, அப்போ நேட்டிவ்ல, அதாவது ஒவ்வொரு போனுக்கும் அதுக்கான மொழியில, தனித்தனியா எழுதுறத மறந்துடுங்க, ஆண்ட்ராய்டுக்கு கோட்லின் ஒரு பக்கம் ஐபோனுக்கு ஸ்விஃப்ட் ஒரு பக்கம்னு ஒருத்தரால சமாளிக்க முடியாது. ரியாக்ட் நேட்டிவ் போங்க, ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதுற ஒரே கோட்ல ரெண்டு போனுக்கும் ஆப் பண்ணலாம். இதே வேலைக்கு கூகுளோட ஃப்ளட்டரும் நல்லாதான் இருக்கு, ஆனா அதோட மொழி டார்ட்ட புதுசா படிக்கணும், உங்களுக்குத்தான் ஜாவாஸ்கிரிப்ட் கையில இருக்கே.

சைட்டையே வெப்வியூல (ஆப்புக்குள்ள வெப்சைட்டக் காட்டுற பெட்டி) சுத்தி அனுப்புற ஐடியா மட்டும் வேணவே வேணாம், ஆப்பிள் ரிவ்யூல 4.2 விதியக் காட்டி (வெறும் வெப்சைட்ட சுத்துன ஆப் பத்தாதுங்குற விதி) திருப்பி அனுப்ப நல்ல வாய்ப்பு இருக்கு. பேமென்ட்டுக்கு பயப்படாதீங்க, கையில தொடுற பொருள விக்கிறீங்கன்னா ஸ்டோர் வழியா பணம் வாங்குற இன்-ஆப் பர்ச்சேஸ் கிடையாது, சைட்ல இப்ப இருக்குற பேமென்ட் கேட்வேயே போதும்.

அவசரம்னா முதல்ல பிடபிள்யூஏ (ஆப் மாதிரி போன்ல சேத்துக்கக்கூடிய வெப்சைட்) விட்டுப் பாருங்க, ஐபோன்ல ஐஓஎஸ் 16.4ல இருந்து புஷ் நோட்டிஃபிகேஷனும் வருது, என்ன, கஸ்டமர் ஹோம் ஸ்கிரீன்ல சேத்தாத்தான் வரும், அத எத்தன பேரு செய்யப் போறாங்க!