ஏற்காட்டுப் பக்கம் இரண்டு நாள் தனியாக நடந்து, மீன் பிடித்து, கூடாரத்தில் தங்கி வர முடியுமா? தனியாகப் போவது பைத்தியக்காரத்தனமா?

முடியும். போய் வந்தவன் சொல்கிறேன். காட்டெருமைக்கும் பாம்புக்கும் பயந்துதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அவற்றால் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் இரண்டு கால் உள்ளவைதான்.

நீங்கள் இருபது வயதைத் தாண்டியவர், நண்பர்களோடு போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பப் போகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு வயது 44. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. பத்துப் பேர் முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கும் அறையில் காலை முதல் இரவு வரை பற்றவைப்பு. பொடி வைத்து ஊதுவதுதான் பிழைப்பு; இந்தப் பதிலில் பொடி எதுவும் இல்லை. வருடத்தில் இரண்டு நாளாவது யாரோடும் பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான் காரணம். மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். சந்தோஷமாக அனுப்பிவைத்தாள். கொஞ்சம் அதிக சந்தோஷமாகவே.

என் முதல் திட்டம் வேறு. வாணியாறு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில்தான் பிறக்கிறது. கீழே தர்மபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அதற்கு ஓர் அணை. அதைத் தாண்டிப் போய்த் தென்பெண்ணையில் சேர்கிறது. மலையின் வடக்குச் சரிவில் ஆற்றோடு காட்டுக்குள் இறங்கி அணையில் தூண்டில் போட வேண்டும் என்பது ஆசை. வரைபடத்தில் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நடப்பதும் தங்குவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் மாண்ட பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. வனத்துறையிடம் போய்க் கேட்டேன். வழிகாட்டி இல்லாமல் ஒற்றை ஆளாக, அதுவும் இரவுத் தங்கலோடு, கிடையாது என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நான் கால் பிசகி விழுந்தால் தூக்கிக்கொண்டு வரப்போவது அவர்கள்தானே. அதனால் மேலே ஊர்ச்சாலைகளிலும் காப்பித் தோட்டங்களின் ஓரத்திலும் ஒரு நாள் நடை, பிறகு பஸ்ஸில் சுற்றி வந்து அணையில் ஒரு நாள் என்று மாற்றிக்கொண்டேன். இதெல்லாம் ஒரு காட்டுப் பயணமா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். முதுகில் 11 கிலோவை ஏற்றிக்கொண்டு மலைமேல் உள்ள நாகலூர் வரை ஒரு தடவை நடந்துவிட்டு வந்து சிரித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு பஸ்ஸில் நடத்துநர் என் பைக்குத் தனி டிக்கெட் போட்டார். போடட்டும், விதி என்றால் விதி. ஆனால் அதே பஸ்ஸில் என் காலடியில் இரண்டு பலாப்பழங்கள் மூட்டையாக வந்தன. அவற்றுக்கு டிக்கெட் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவை உருண்டு வந்து என் முழங்காலில் இடித்தன. அது யார் மூட்டை என்று நான் கேட்டதற்கு, "உங்களுக்கு ஏன் சார் அது?" என்றார். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

மேலே போனதும் மழை பிடித்துக்கொண்டது. முதல் இரவு மட்டும் விடுதியில் தங்கிவிடலாம் என்று ஒன்றில் நுழைந்தேன். அறை இருந்தது, சாவிகள் ஆணியில் வரிசையாகத் தொங்கின.

"எத்தனை பேர்?"

"நான் மட்டும்தான்."

"ஒற்றை ஆளுக்கு அறை கொடுப்பதில்லை, சார்."

அடுத்த விடுதியிலும் அதே பதில். அங்கிருந்தவர் கொஞ்சம் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, "வீட்டில் ஏதாவது சண்டையா?" என்று கேட்டார். ஆதார் அட்டையைக் காட்டினேன், மனைவிக்குப் போன் போட்டுத் தருகிறேன் என்றேன், முழு வாடகையும் முன்பணமாகத் தருகிறேன் என்றேன். மலைக்குத் தனியாக வருகிறவன் அறையில் ஏதாவது செய்துகொள்வான், நாளைக்குப் போலீஸ் வந்து நிற்கும் என்பது அவர்கள் பயம். பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேராகக் குடித்துவிட்டுக் கண்ணாடியை உடைப்பவர்களுக்குச் சாவி உடனே கிடைக்கிறது. அமைதியாக உட்கார வந்தவன் மழையில் நிற்கிறான். நானும் குடிக்கத்தான் போனேன் என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இருந்தால் கூட்டாளிகளுக்குப் பஞ்சமே இருந்திருக்காது.

கடைசியில் ஒரு தேநீர்க் கடை அம்மா தன் தம்பி வீட்டுத் திண்ணையைக் காட்டினார். மலையாளிகள் வீடு. கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலையிலேயே வாழும் பழங்குடி மக்கள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சூடான ராகிக் களியும் கீரைக் குழம்பும் வந்தன. விடியற்காலையில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, மிளகுக் கொடிக்குப் பின்னால், காட்டெருமை ஒன்று நின்றது. சரியாகச் சொன்னால் காட்டுமாடு, ஆனால் இங்கே எல்லோருக்கும் அது காட்டெருமைதான். கறுப்பு உடம்பு, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற கால்கள். நான் அசையவில்லை. அதுவும் என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. இரண்டு நாளில் நான் எதற்காக வந்தேன் என்று ஆராயாத உயிர்களில் அதுவும் ஒன்று.

பகல் முழுக்க நடந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூச்சு வாங்கியது, நன்றாக இருந்தது. இரவு திரும்ப அதே திண்ணை. மறுநாள் சேலம் இறங்கி, அரூர் பஸ்ஸில் மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டி, பஸ் மாறி, மதியம் அணைக்குப் போய்ச் சேர்ந்தேன். தூண்டில் போடுவதற்கு முன் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டேன். அணை மீனுக்கு உரிமைக்காரர்கள் உண்டு, கேட்காமல் போட்டால் வம்பு. "கம்பு ஒன்றுதானே, போடுங்கள்" என்றார்கள்.

காப்பித் தோட்டத்து மண்ணில் எடுத்த மண்புழு தேங்காய்த் தொட்டியில் இருந்தது. கடலைப் புண்ணாக்கும் மைதாவும் பிசைந்த உருண்டை இன்னொரு பக்கம். மூன்று மணி நேரம் தக்கை அசையவில்லை. வெயில் சாயும்போது ஒரு வெட்டு. இழுத்தால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ஜிலேபி மீன், திலாப்பியா என்பார்களே அது. தூண்டில் முள் வாய்க்குள் இல்லை, செவுளுக்குப் பக்கத்தில் வெளியே கொக்கியிருந்தது. கழற்றுவதற்காக இடது கையில் பிடித்தேன். மீன் வாயைத் திறந்தது. உள்ளங்கையில் ஈரமாக ஏதோ கொட்டியது. கடுகு போல, ஆனால் ஒவ்வொரு கடுகுக்கும் இரண்டு கண். குஞ்சுகள். ஜிலேபியில் தாய்தான் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அது இரை எடுப்பது அரிது. என் முள் போகிற போக்கில் குத்தியிருக்கிறது. கையைத் தண்ணீருக்குள் அப்படியே அமிழ்த்தினேன். தாய் முதலில் போனது, குஞ்சுகள் கொஞ்ச நேரம் என் விரலிடுக்கிலேயே நின்றன. 1952-இல் வெளியில் இருந்து இந்தியாவுக்கு வந்த மீன், நம் கெண்டைகளை விரட்டிவிட்டது, அதை விட்டிருக்கக் கூடாது என்று என்னிடமே ஒருவர் வாதாடியிருக்கிறார். சரியாக இருக்கலாம். அன்றைக்கு என் கை அதைக் கேட்கவில்லை. இரவுக்கு அவலும் வெல்லமும்தான்.

கூடாரம் போட்டது அருகில் ஒரு தென்னந்தோப்பில், தோப்புக்காரப் பெரியவரைக் கேட்டுக்கொண்டு. அவரும் கேட்டார்: "தனியாகவா வந்தாய், தம்பி?" ஆமாம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அப்பாடா, ஒரு மனிதர் கிடைத்தார் என்று நினைத்தேன். இரவு ஒன்பதரை மணிக்கு டார்ச் வெளிச்சம் வந்தது. பையில் இருந்த நைலான் கயிற்றுச் சுருளைச் சாயங்காலமே பார்த்து வைத்திருக்கிறார்.

"தம்பி, அந்தக் கயிற்றைக் கொடு. மாட்டுக்கு வேண்டும். காலையில் தந்துவிடுகிறேன்."

அந்தத் தோப்பில் மாடே இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டேன். விடிந்ததும் கயிற்றை அழகாகச் சுருட்டிக் கொண்டுவந்து வைத்தார், கூடவே இரண்டு இளநீர். காசு நீட்டினேன், வாங்கவில்லை. பஸ் ஏறும்வரை கூடவே வந்து நின்றார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். போங்கள். மழைக்காலம் வேண்டாம். விடுதிக்கு முன்கூட்டியே போன் செய்து, வருவது ஒரே ஆள் என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். கயிறு எடுத்துப் போக வேண்டாம், கூடாரத்தோடு வரும் நாடாவே போதும்.